மடத்துச் சாமி கார் வாங்கினால் சட்டம் கேட்குமா?

கேள்வி: எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாக ஒரு சைவ மடத்தின் சீடர் குடும்பம். குருபூசைக்கு அன்னம் பாலிக்க என் தாத்தா இரண்டு ஏக்கர் நஞ்சையை மடத்துக்குக் கட்டளையாக, அதாவது அந்தக் காரியத்துக்கென்றே ஒதுக்கிய அறக்கொடையாக, எழுதிவைத்தார். இப்போதைய சாமி பட்டத்துக்கு வந்தபின் மூன்று நாள் பந்தி ஒரு வேளையாகச் சுருங்கிவிட்டது. சாமியோ புது ஃபார்ச்சூனரில் போகிறார். கோவையில் அவருடைய தங்கை மகன் பெயரில் வீடு வாங்கியிருப்பதாகப் பேச்சு. கேட்டால், "எல்லாம் பாதகாணிக்கையில் வந்தது, சாமியோட சொந்தப் பணம்" என்கிறார் மடத்து நிர்வாகம் பார்க்கும் காறுபாறு. துறவிக்கு ஏது சொந்தப் பணம்? காவி கட்டியவர் எளிமையாக வாழ வேண்டும் என்று சட்டம் இல்லையா? அவரை நீக்க முடியுமா? தாத்தா கொடுத்த நிலத்தையாவது திரும்ப வாங்கலாமா? (பெயரும் ஊரும் வேண்டாம்.)

பதில்: எளிமையாக வாழ வேண்டும் என்று எந்தச் சட்டமும் மடாதிபதியைக் கட்டாயப்படுத்தவில்லை. நம் சைவ மடங்களின் மரபே அப்படி இல்லை. பல்லக்கு, குடை, கொடி எல்லாம் அந்தப் பீடத்துக்கு உரிய மரியாதை. பதவியின் கௌரவத்துக்கு ஏற்ற செலவை மடத்து வருமானத்திலிருந்து மடாதிபதி செய்துகொள்ளலாம் என்பதை நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆகவே காரை வைத்து வழக்கு நிற்காது. கார் எந்தப் பணத்தில் வந்தது, ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் வழக்கு.

துறவிக்கு ஏது சொந்தப் பணம் என்று கேட்டிருக்கிறீர்கள். முறைப்படி சந்நியாசம் வாங்கியவர், பிறந்த குடும்பத்தைப் பொறுத்தவரை இறந்தவராகவே இந்துச் சட்டத்தில் கருதப்படுகிறார். அதற்குக் காவி கட்டி மொட்டை போட்டால் போதாது, உரிய சடங்குகள் நடந்திருக்க வேண்டும். அப்பா சொத்தில் அவருக்குப் பங்கில்லை, அவருக்குப் பின் உறவினர்களுக்கு வாரிசுரிமையும் இல்லை. ஆனால் துறவுக்குப் பிறகு அவர் கைக்கு எதுவுமே வரக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. மடத்துக்கு வருவது வேறு, அவருக்கென்று வருவது வேறு. சீடர்கள் காலடியில் வைத்து வணங்கும் பாதகாணிக்கை இரண்டாவது வகை.

இதை உச்ச நீதிமன்றம் 1954-இல் சீரூர் மடம் வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த மடம் உடுப்பியைச் சேர்ந்தது, உடுப்பி அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. கிருஷ்ணர் கோயில் பூசை முறை வரும் 'பர்யாயம்' காலத்தில் அந்த மடத்துச் சாமிகள் பெருஞ்செலவு செய்ய வேண்டும். 1946 பர்யாயத்தின்போது விலைவாசி ஏறிக்கிடந்ததால் கடன் லட்சம் ரூபாயை நெருங்கிவிட்டது. அறநிலைய வாரியம் உள்ளே வர, சாமி கோர்ட்டுக்குப் போனார். பாதகாணிக்கையை மடத்துக் காரியங்களுக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 55-வது பிரிவு சொன்னது. ஏழு நீதிபதிகள் அமர்வு அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. தன் காணிக்கையை மடாதிபதி விருப்பம்போல் செலவழிக்கலாம். யாருக்கும் கொடுக்காமல் மறைந்தால் அது மடத்துச் சொத்தோடு சேர்ந்து அடுத்த பட்டத்துக்குப் போகும். காறுபாறு சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. காணிக்கை என்று பெயர் வைத்துவிட்டால் கணக்கு கேட்க முடியாது என்று ஆனபின், மடத்துக்கு வர வேண்டிய பணத்துக்கும் அதே பெயரை வைக்கும் ஆசை வரத்தானே செய்யும்? இப்போது நடைமுறையில் இருக்கும் 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம் அதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. அதன் 59-வது பிரிவு மடாதிபதியை நீக்குவதற்கான காரணங்களை அடுக்குகிறது. நம்பிக்கை மோசடி, மடத்து நிதியை விரயம் செய்தல், மடத்துக்குத் தொடர்பில்லாத காரியத்துக்குத் திருப்புதல் ஆகியவற்றோடு, மடத்து வருமானத்தைப் பாதகாணிக்கையாக மாற்ற உபாயம் செய்வதும் அதில் தனிக் காரணமாகவே இருக்கிறது. உங்கள் வழக்கு நிற்பதானால் இதில்தான் நிற்கும்.

அதற்கு ஆதாரம் தேட வேண்டிய இடம் மடத்து வாசல்தான். காணிக்கை வைக்கும் இடத்தில் கியூஆர் அட்டை இருக்கிறதா? ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள், திரையில் யார் பெயர் வருகிறது? குருபூசை நன்கொடைக்கு ரசீது கொடுக்கிறார்களா, அதில் மடத்துப் பெயரும் வரிசை எண்ணும் இருக்கிறதா? முன்பு ரசீது போட்டு வாங்கிய குத்தகைப் பாக்கியும் கடை வாடகையும் இப்போது சாமி கையில் நேராகக் கொடுக்கப்படுகின்றன என்று நாலு குத்தகைதாரர்கள் எழுதிக் கொடுத்தால், அது நீங்கள் ஆடம்பரத்தைப் பற்றி எழுதும் பத்துப் பக்கத்தைவிடப் பலமான சாட்சி.

கோவை வீட்டுக்கு வருவோம். முகவரி தெரிந்தால் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பத்திர நகல் வாங்குங்கள். விலையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பணம் எந்த வங்கிக் கணக்கிலிருந்து, எந்தக் காசோலையில் போனது என்ற வரியைப் படியுங்கள். அந்தக் கணக்கு மடத்தினுடையதானால் பாதி வேலை முடிந்தது. நாளைக்கு சாமி பெயரிலேயே ஏதாவது பத்திரம் கிடைத்தால், வாங்குபவரின் விவரத்தைக் கவனியுங்கள். மடத்துக்காக வாங்கும்போது 'இன்ன மடத்தின் ஆதீனகர்த்தர்' என்று குருவின் பெயரோடு எழுதுவது வழக்கம். அங்கே திடீரென்று தகப்பனார் பெயர் வந்தால் கேள்வி கேட்கலாம். பான் எண் இருந்தால் அதன் நான்காவது எழுத்தைப் பாருங்கள்: 'P' என்றால் தனிநபர், 'T' என்றால் அறக்கட்டளை.

இவ்வளவு மெனக்கெடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மடாதிபதி கையில் இருக்கிறது என்பதாலேயே ஒரு சொத்து மடத்துச் சொத்து ஆகிவிடாது. மடாதிபதிக்குத் தனிச்சொத்தும் இருக்கலாம், எந்தப் பக்கமும் அனுமானம் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் கிருஷ்ண சிங் வழக்கில் சொன்னது. மடத்துச் சொத்து என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். வீடு தங்கை மகன் பெயரில் இருந்தால் பாரம் இன்னும் கூடும். பணம் மடத்துடையது என்று காட்டிவிட்டால் மட்டுமே, யார் பெயரில் இருந்தாலும் அதை மடத்துக்கு மீட்கக் கேட்கலாம்.

59-வது பிரிவில் இன்னொரு காரணமும் உண்டு: பீடத்துக்கே இழிவு வரும்படியான வாழ்க்கை நடத்துவது. பலர் இதைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால், குளிர்சாதன வசதியும் கைப்பேசியும் இந்த வாசகத்துக்குள் வராது. குருபூசையைச் சுருக்கிவிட்டு உறவுக்காரருக்கு வீடு வாங்கிக் கொடுத்திருந்தால் வரலாம். அதையும் முதல் காரணமாக எழுதாதீர்கள், பணத்தை எழுதிய பிறகு எழுதுங்கள்.

கோயில் அறங்காவலரை நீக்குவது போல மடாதிபதியை அறநிலையத் துறை ஓர் உத்தரவில் நீக்க முடியாது. சிவில் நீதிமன்றம்தான் நீக்க வேண்டும். துறை ஆணையரே வழக்குப் போடலாம். இல்லையென்றால் அக்கறையுள்ள இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ ஆணையரின் எழுத்துமூல ஒப்புதலோடு போடலாம். மடத்தின் சீடர் என்பதால் நீங்கள் அக்கறையுள்ளவர்தான். இன்னொரு சீடரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள், பங்காளிச் சண்டையில் இருப்பவரைச் சேர்க்காதீர்கள். ஒப்புதல் இல்லாமல் தாக்கல் செய்தால் முதல் வாய்தாவிலேயே எதிர்த்தரப்பு அதைத்தான் எடுக்கும். சிவில் நடைமுறைச் சட்டம் 92-வது பிரிவில் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அறநிலையச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது.

ஆணையரிடம் ஒப்புதல் கேட்கும் மனுவுக்கு முன் பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். 29-வது பிரிவின்படி மடத்துக்கு ஒரு சொத்துப் பதிவேடு இருக்க வேண்டும், நிலம், நகை, பத்திரம் எல்லாம் அதில் வரும். அதன் நகலையும் சமீபத்திய தணிக்கை அறிக்கைகளையும் துறையின் இணை ஆணையர் அலுவலகத்தில் கேளுங்கள். மடத்துக்கு கோர்ட் வகுத்த ஸ்கீம் (நிர்வாகத் திட்டம்) இருக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள். இருந்தால் மடாதிபதியின் அதிகாரத்துக்கு அதில் கூடுதல் வரம்பு இருக்கலாம்.

தாத்தா நிலத்தைப் பொறுத்தவரை வருத்தமான பதில்தான். கட்டளைக்கு எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான். கட்டளை தவறினால் நிலம் வாரிசுக்குத் திரும்பும் என்று பத்திரத்தில் தெளிவாக எழுதியிருந்தாலொழிய உங்களால் மீட்க முடியாது. ஆனால் அந்த வருமானம் அன்னம் பாலிப்புக்கே போக வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அது மடத்தோடு இணைந்த தனிக் கட்டளை, அதற்கும் 59-வது பிரிவு பொருந்தும். நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ 34-வது பிரிவின்படி ஆணையர் அனுமதி வேண்டும், இல்லையேல் செல்லாது. தங்கை மகன் பெயரில் நீண்ட காலக் குத்தகை ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று இந்த இரண்டு ஏக்கருக்கும் சேர்த்தே வில்லங்கம் பாருங்கள்.

இரண்டு காரியங்களைச் செய்யாதீர்கள். ஒன்று, வருமான வரித்துறைக்கு மொட்டைக் கடிதம். நிர்வாகிக்கோ அவர் உறவினருக்கோ ஆதாயம் போனதாகத் தெரிந்தால் வரிவிலக்கை இழப்பது மடம்தான். இரண்டு, சீடர்களின் வாட்ஸ்அப் குழுவில் 'திருட்டுச் சாமி' என்று எழுதுவது. அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு, நீங்கள் மனுதாரராக வேண்டிய நேரத்தில் எதிரியாக நிற்பீர்கள். குற்றவியல் நம்பிக்கை மோசடிப் புகாரை, வங்கிக் கணக்கு விவரம் கைக்கு வந்தபின் யோசிக்கலாம்.

தாத்தாவின் கட்டளைப் பத்திரம் வீட்டில் இல்லையென்றால் முதலில் அதைத் தேடி எடுங்கள். எழுதிய ஆண்டு தெரியாவிட்டால், தாத்தா பெயரையும் கிராமத்தையும் கொடுத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடச் சொல்லலாம். எத்தனை நாள் பந்தி, எவ்வளவு நெல் என்று அதில் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகலை ஆணையர் மனுவோடு வைத்து அனுப்புங்கள்.