ஸ்பொட் அடிக்க மூன்று இலட்சம் கடன் எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் தருமபுரத்தில் வீட்டோடு தோல் வேலை செய்கிறேன். வவுனியாவில் ஒரு கடைக்கு மாதம் 40 இடுப்புப் பட்டி கொடுக்கிறேன். ஒவ்வொன்றிலும் அழகுக்கு அடிக்கும் பித்தளைக் குமிழ், அதாவது ஸ்பொட், 48; பக்கிள் பக்கத்தில் இரண்டு ரிவிட். எல்லாம் சுத்தியலால்தான். பட்டி ஒன்றுக்குத் தோல், பக்கிள், ஸ்பொட் என்று 700 ரூபா போகும், 900 ரூபா கையில் நிற்கும். கடைக்காரர் 45 நாளில்தான் காசு தருவார். மணிக்கட்டு வலி தாங்க முடியவில்லை. தானாக ரிவிட் அடிக்கும் மின்சார மெசின் 340,000 ரூபா. 40,000 கட்டினால் மிச்சம் 3 இலட்சத்தை ஒரு கம்பனி மாதம் 2 வீத வட்டிக்கு, 24 மாதத் தவணையில் தருமாம். மச்சாள் பிணை நிற்கச் சம்மதம். காலால் மிதிக்கும் பிரஸ் 78,000, அதில் பூட்டி அடிக்கும் அச்சு, அதாவது டை, இரண்டு சோடி 14,000 என்றார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் 140,000 ரூபா சேமிப்பு வைத்திருக்கிறேன். கணவருக்கு வயல் போகத்தோடு மட்டும்தான் வேலை. எதை வாங்குவது?

பதில்: தங்கச்சி, வட்டிக் கணக்குக்குப் போக முன்னம் ஒரு விஷயம். அந்த மின்சார மெசின் உங்கள் வேலையைச் செய்யாது.

அது தொட்டியில் கொட்டிய ரிவிட்டை ஒவ்வொன்றாகத் தானே இறக்கி அடிக்கிற மெசின். ஒரு வகை ரிவிட், ஒரு நீளம், அதற்கென்று சரிபார்த்து வைத்திருப்பார்கள். சப்பாத்து, பை என்று ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் செய்கிற இடத்துக்கு அருமையான சாமான். உங்கள் பட்டியில் ரிவிட் இரண்டு, ஸ்பொட் 48. ரிவிட்டுக்குத் தண்டு ஒன்று. துளையில் விட்டு அடித்தால் மறுபக்கம் விரிந்து, அல்லது மூடிக்குள் இறுகி நிற்கும். ஸ்பொட்டுக்குக் குமிழின் அடியில் இரண்டு கூரான கால்கள். அவை தோலைக் கிழித்துக்கொண்டு இறங்கி, பின்பக்கம் உள்நோக்கி மடங்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை. மாதம் 80 ரிவிட்டுக்காக மூன்றரை இலட்சத்துக்கு மெசின் வாங்கிவிட்டு, 1,920 ஸ்பொட்டையும் பழையபடி சுத்தியலால் அடிக்கப் போகிறீர்கள். மணிக்கட்டு அப்படியேதான் இருக்கும்.

இனி அந்த இரண்டு வீதம். 3 இலட்சத்துக்கு மாதம் 2 வீதம் என்றால் 6,000 ரூபா. நீங்கள் முதலைக் கட்டக் கட்ட அது குறையாத கணக்கென்றால், கடைசி மாதம் வரை அதே 6,000 தான். இரண்டு வருடத்தில் வட்டி மட்டும் 144,000. தவணை மாதம் 18,500. குறைந்துகொண்டு போகும் மீதிக்குத்தான் வட்டி என்ற முறையில் இதைத் திருப்பிக் கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 41 வீதம் வருகிறது. பட்டியில் உங்களுக்கு நிற்பது மாதம் 36,000. அதில் பாதிக்கு மேல் தவணைக்கே போய்விடும், அதுவும் கடைக்காரர் 45 நாள் சொல்லி 60 நாளாக்காமல் இருந்தால். தவணைக்கு ஆள் வருகிற நாள் மட்டும் ஒருபோதும் பிந்தாது. 2018 இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடனை அரசே ஓர் இலட்சம் வரை தள்ளுபடி செய்ய வேண்டி வந்ததை வன்னியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கடனிலும் கனக்கப் பேர் மற்றவருக்குப் பிணை நின்றுதான் மாட்டினார்கள். மச்சாளை இதற்குள் இழுக்க வேண்டாம்.

சரி, மிதி பிரஸ். உங்களுக்குப் பொருந்துவது அதுதான், ஆனால் கணக்கோடு பொருந்துகிறதா என்று பார்ப்போம். கையால் ஒரு ஸ்பொட்டுக்குக் கீறல் போட்டு, காலைச் செருகி, பிரட்டிப் பிடித்து மடக்க அரை நிமிடம் என்று வையுங்கள். 1,920 ஸ்பொட்டுக்கு 16 மணித்தியாலம். பிரஸ்ஸில் ஸ்பொட்டை மேல் டையில் வைத்து, பட்டியை நகர்த்தி, மிதிக்க ஆறு செக்கன் என்றாலும் மூன்றே கால் மணித்தியாலத்துக்குள் முடியும். மாதம் பன்னிரண்டரை மணித்தியாலம் மிச்சம். வெட்டு, விளிம்பு, சாயம், தையல் எல்லாம் சேர்த்து ஒரு பட்டிக்கு ஒன்றரை மணித்தியாலம் என்றால் இன்னும் எட்டுப் பட்டி செய்யலாம், 7,200 ரூபா. 92,000 ரூபா பதின்மூன்று மாதத்தில் திரும்பி வரும். கடைக்காரர் 48 பட்டி எடுப்பாரா? அதைக் கேட்காமல் காசை எடுக்காதீர்கள். எடுக்க மாட்டேன் என்றால் உங்களுக்குக் கிடைப்பது ஓய்வும் மணிக்கட்டும்தான். அதற்கும் விலை உண்டு, ஆனால் அது வருமானம் இல்லை.

நான் போட்ட அரை நிமிடம், ஆறு செக்கன் எல்லாம் என் ஊகம். நாளைக்கே கைபேசியில் நேரத்தை வைத்து ஒரு பட்டியை அடித்துப் பாருங்கள். வருகிற நேரத்தைப் போட்டுக் கணக்கைத் திருத்துங்கள்.

காசு சேமிப்பிலிருந்தே போகட்டும். 140,000 இல் 92,000 போனால் 48,000 மிஞ்சும். அதில் கைவைக்காதீர்கள். 40 பட்டிக்குச் சாமான் 28,000. கடைக்காரர் 45 நாள் இழுத்தால் ஒன்றரை மாதச் சாமான், அதாவது 42,000 ரூபா, எப்போதும் அவர் கடையில்தான் கிடக்கும். அந்த 48,000 உங்கள் தொழிலின் மூச்சு. மெசின் வாங்கிய சந்தோசத்தில் சாமான் வாங்கக் காசில்லாமல் நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓடரில் மூன்றில் ஒன்றை முற்பணமாகக் கேட்டுப் பாருங்கள். இவ்வளவு நாள் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறீர்கள், கேட்க உரிமை உண்டு.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. அக்கா பை தைத்த காலத்தில் ஒரு கைப்பிரஸ் வாங்கினாள், நல்ல மலிவு. ஆறு மாதத்தில் டையின் விளிம்பு உடைந்தது. அந்த மெசினின் மரைக்கு வேறெங்கும் டை பொருந்தவில்லை. விற்றவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. கடைசியில் அது நெல்மூட்டைக்கு முட்டுக்கொடுக்க உதவியது. ஆகவே மெசினின் விலையைக் கேட்க முன் டையின் விலையைக் கேளுங்கள். ஒவ்வொரு அளவு ஸ்பொட்டுக்கும் தனி டை வேண்டும்; தனியாகக் கிடைக்குமா, மரை என்ன அளவு, கொழும்புப் புறக்கோட்டையில் வேறு கடையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஸ்பொட் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். மேல் டையின் குழி குமிழை ஒட்டினாற்போல் பிடிக்க வேண்டும். குழி பெரிதானால் ஸ்பொட் சரிந்து ஒரு கால் வெளியே மடங்கும். ஆழம் குறைந்தால் குமிழ் சப்பளிந்துவிடும்.

வாய் ஆழத்தையும் பாருங்கள், அதாவது அடிக்கும் இடத்திலிருந்து பின்பக்க உடல் வரையுள்ள தூரம். பட்டிக்குச் சின்ன வாய் போதும். பிறகு பையும் செய்வேன் என்றால் நடுத்துண்டுவரை எட்ட வேண்டும். அதோடு மிதி பிரஸ்ஸுக்கு ஆடாத தரை வேண்டும். மண்தரை என்றால் ஒரு சீமெந்துத் திட்டுப் போட்டு போல்ட் இறுக்குங்கள். மின்சாரம் வேண்டாம், அதனால் மின்வெட்டு வந்தாலும் வேலை ஓடும். இரண்டு கையும் பட்டியைப் பிடிக்கச் சும்மா இருக்கும். ஆனால் சும்மா இருக்கும் விரல் டைக்குக் கீழேயும் போய்விடும், கவனம்.

ரிவிட்டும் இதே பிரஸ்ஸில்தான், இரண்டாவது டையில். மூடி போட்ட ரிவிட் என்றால் அதன் தண்டு, சேர்த்துப் பிடிக்கும் தோலின் மொத்தத் தடிப்பைவிட 3 மில்லிமீற்றர் நீளமாக இருந்தால் போதும்: இரண்டரை மில்லிமீற்றர்த் தோல் இரண்டு மடிப்பு என்றால் 8 மில்லிமீற்றர்த் தண்டு. நீளம் கூடினால் உள்ளே சரிந்து தலை ஒருபக்கம் சாயும், குறைந்தால் பட்டியை இழுக்கும்போது கழன்றுவரும். சரிந்த ரிவிட்டைக் கிளப்பினால் துளை பெருத்து, முடிந்த பட்டியே பாழ். 700 ரூபா அங்கேயே போயிற்று. அதனால் ஒவ்வொரு முறை டை மாற்றிய பிறகும் வெட்டுத்துண்டில் மூன்று நான்கு அடித்துப் பார்த்த பிறகே பட்டியில் கைவையுங்கள்.

ஸ்பொட் மொத்தமாக வாங்கினால் மலிவுதான். அதற்காக நாலு அளவு, மூன்று நிறம் என்று வாங்கி அலமாரியில் உறங்க விடாதீர்கள். இப்போதைக்கு ஒரு அளவு, ஒரு நிறம், இரண்டு மாதத்துக்குப் போதுமான அளவு. வாங்கும்போது ஒரு காந்தம் கொண்டு போங்கள்: பித்தளையில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு மட்டும். நம்முடைய வெயிலிலும் வியர்வையிலும் அது கறுத்து, தோலையும் கறையாக்கும். பட்டி திரும்பி வரும், காசு வராது.

வாங்கும் நாளில் உங்கள் பட்டித் துண்டைக் கொடுத்து, கடையிலேயே இருபது ஸ்பொட் அடிக்கச் சொல்லுங்கள். பின்பக்கத்தைப் புறங்கையால் தடவிப் பாருங்கள். கீறினால் கால்கள் உள்ளே மடங்கவில்லை, டை சரியில்லை. பற்றுச்சீட்டில் மெசினுக்கும் டைக்கும் தனித்தனியே விலை எழுதி வாங்குங்கள். பழைய சுத்தியலையும் துளை போடும் பொன்சையும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். டை உடைந்தால் கொழும்பிலிருந்து வேறொன்று வந்து சேரும்வரை ஓடர் அவற்றில்தான் ஓடும்.