அப்பாவின் ஓய்வூதியப் புத்தகத்தில் ‘மீனாள்’, அம்மாவின் ஆதாரில் ‘மீனாட்சி’

வணக்கம் தம்பி. காரைக்குடியில் தீயணைப்பு வீரராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா தவறிவிட்டார், பெயர் வித்தியாசத்தால் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மனசு கனத்தது. நம் பக்கம் வீட்டுக்கு வீடு மீனாள்தான். என் சித்தி கதையும் இதேதான்.

குடும்ப ஓய்வூதியத்துக்கென்று புதிதாக ஆணை வாங்க வேண்டியதில்லை. கொடுப்பாணையில், அதாவது அப்பாவின் ஓய்வூதியப் புத்தகத்தில், மனைவி பெயர் இருந்தால், இறப்புச் சான்றோடு கருவூலமே தொடங்கலாம். பெயரைத் திருத்துவதுதான் வேலை. அது ஓய்வூதிய ஆணை வழங்கும் மாநிலக் கணக்காயர் (ஏ.ஜி. அலுவலகம்) கையில். மனு அப்பா கடைசியாகப் பணியாற்றிய அலுவலகம் வழியாகப் போக வேண்டும். பணிப்பதிவேட்டில் குடும்ப விவரப் பக்கத்தை அங்கேயே பார்த்துவிடுங்கள். சித்திக்கு அந்தப் பக்கத்தில் மங்கிய மையில் முழுப் பெயர் இருந்தது, அதுவே காப்பாற்றியது. கொடுப்பாணையில் ஒட்டிய தம்பதி புகைப்படமும் நல்ல சாட்சி.

அப்பா இறந்தபின் கணக்கில் ஓய்வூதியம் ஏறியிருந்தால் தொடாதீர்கள், பிடித்துக்கொள்வார்கள். அப்புறம், ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதிக்கு மாதாமாதம் பிடித்தம் போயிருக்கிறதா பாருங்கள். போயிருந்தால் 50,000 ரூபாய் வரும். கருவூலத்தில் தனியாகக் கேட்க வேண்டும். எது கொடுத்தாலும் நகலில் முத்திரை வாங்குங்கள். அம்மாவை அலைய விடாதீர்கள்.