பழைய பார்ட்ஸ் போட்டு கரண்ட் லான் மோவர் ரிப்பேர்: உங்க கேள்விங்களுக்கு பதில்

மோட்டார் வைண்டிங் தான் நமக்கு தொழில், கோவை பக்கம். கரண்ட்ல ஓடற புல்லு வெட்டற மெஷின் பத்தி தான் எல்லாரும் கேக்கறீங்க. கேட்டதுல தெரிஞ்சதுக்கு சொல்றேன். மெஷின்ல கை வைக்கறதுக்கு முன்னாடி ப்ளக்க பிடுங்கி, மெஷின் மேலயே கண்ணுக்கு தெரியற மாதிரி போட்டுட்டு வேலை பாருங்க, சுவிட்ச் ஆஃப்ல இருக்குன்னு நம்பாதீங்க.

கே: அண்ணா, 1 எச்பி இண்டக்‌ஷன் மோட்டார். சுவிட்ச் போட்டா உம்முனு சத்தம் மட்டும் வருது. குச்சியால பிளேட தள்ளி விட்டா ஓடுது. பழைய ஃபேன் கண்டன்சர் ஒன்னு இருக்கு, போடலாமா?

ப: தம்பி, மொதல்ல குச்சிய கீழ போடுங்க. கரண்ட் இருக்கறப்ப பிளேடு பக்கம் எதையும் நீட்டாதீங்க. தள்ளி விட்டா ஓடுதுன்னா ரன்னிங் காயில் நல்லா இருக்கு, கண்டன்சர் போயிருக்கும், இல்லேன்னா ஸ்டார்ட்டிங் காயில் கட் ஆகிருக்கும், மீட்டர் வெச்சா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிரும். ஃபேன் கண்டன்சர் 2.5 மைக்ரோஃபாரட் (சுருக்கமா மைக்ரோ) தான், இந்த மோட்டாருக்கு அது எந்த மூலைக்கும் பத்தாது. போன கண்டன்சர் மேலயே எத்தன மைக்ரோனு அச்சடிச்சிருக்கும், அதே அளவுல 440 வோல்ட் ஏசி பாருங்க. பழைய தண்ணி மோட்டார், ஏசி அவுட்டோர் யூனிட்ல இருந்து கழட்டினது பழைய இரும்புக் கடைல கிடைக்கும், ஆனா மீட்டர்ல அளந்து, எழுதிருக்கறத விட 10 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருந்தா விட்டுருங்க. உப்பியிருந்தா தொடவே வேணாம். டிவி போர்டுல இருக்கறது டிசி கண்டன்சர், அத இங்க போட்டா வெடிக்கும். கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு முனையிலயும் 60 வாட் குண்டு பல்ப தொட்டு சார்ஜ இறக்கிருங்க.

கே: வீட்டுக்குள்ள ப்ளக் போட்டா ஸ்டார்ட் ஆகுது, தோட்டத்துக்கு 30 மீட்டர் ஒயர் இழுத்தா ஆக மாட்டேங்குது. மோட்டார் வீக்கா?

ப: மோட்டார் நல்லா தான் இருக்கு, ஒயர் தான் சன்னம். நீங்க போட்டிருக்கறது 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரா இருந்தா போக வர 60 மீட்டர், கிட்டத்தட்ட 1 ஓம். ஸ்டார்ட் ஆகற நொடியில 1 எச்பி மோட்டார் 35 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், அப்ப ஒயர்லயே 35 வோல்ட்டுக்கு மேல போயிரும். வோல்டேஜ் கொஞ்சம் எறங்கினாலே இழுவை அதோட வர்க்கத்துல எறங்கும், 230ல 35 போனா இழுவை கிட்டத்தட்ட 30 சதவீதம் காலி. 2.5 ஸ்கொயர் போடுங்க. ஈரப் புல்லுல வேலை, 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா தானா கட் பண்ற சுவிட்ச்) இல்லாத லைன்ல ஓட்டாதீங்க.

கே: மோட்டார் எரிஞ்சு போச்சு சார். 750 வாட் மிக்ஸி மோட்டார் ஒன்னு சும்மா கெடக்கு. 1 எச்பின்னா 746 வாட் தானே, கணக்கு சரியா வருது, மாட்டிரலாமா?

ப: வாட் சரியா வருது, வேகம் வரல. மோவர் மோட்டார் நிமிஷத்துக்கு 2800 சுத்து. 40 சென்டிமீட்டர் பிளேடுன்னா முனை நொடிக்கு 59 மீட்டர் வேகத்துல போகும். மிக்ஸி மோட்டார் லோடு இல்லாம 18,000 சுத்து சுத்தும். அந்த வேகத்துல இதே பிளேடு போனா முனை நொடிக்கு 377 மீட்டர், சத்தத்தோட வேகமே 340 தான். காத்து தடுக்கறதால அவ்வளவு வேகம் போகாது, ஆனா போக முயற்சி பண்ணும், கரண்ட அள்ளி இழுத்து ஆர்மேச்சர் (உள்ள சுத்தற காயில்) கருகும். அதுக்குள்ள பிளேடு தாங்காம பிச்சுக்கிட்டா தகரக் கூடு நிறுத்தாது. மாட்டாதீங்க.

கே: வீடியோல ஒருத்தர் மாட்டி ஓட்டிக் காட்டறாரே?

ப: எத்தன நிமிஷம் ஓட்டறார்னு பாருங்க. மிக்ஸி விட்டு விட்டு ஓட்டறதுக்கு செஞ்சது, அர மணி நேரம் புல்லு வெட்டறதுக்கு இல்ல.

கே: டிம்மர் போட்டு வேகத்த கொறைச்சா?

ப: வேகம் கொறையும், கூடவே இழுவையும் கொறையும், அடர்த்தியான புல்லுல நின்னுரும். ஃபேனும் அந்த ஷாஃப்ட்ல தானே இருக்கு, அதுவும் மெதுவா சுத்தும், காயில் சூடு எங்க போகும்?

கே: நான் ஒத்துக்க மாட்டேன். பெல்ட் புல்லி போட்டு ஆறுக்கு ஒன்னா கொறைச்சா 3000 சுத்து, இழுவையும் கூடும். இதுல என்ன தப்பு?

ப: இது நல்ல கேள்வி. கணக்குல தப்பில்ல, பல ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷின்ல இதே மாதிரி மோட்டார பெல்ட் போட்டு தான் ஓட்டறாங்க. ஆனா அதுல வேகத்த அளக்கற டேக்கோ காயில் வெச்சு போர்டு வேகத்த பாத்துக்கிட்டே இருக்கு, உங்க கிட்ட அது இல்ல. பெல்ட் நழுவினா மோட்டார் லோடு இல்லாம எகிறும். அதுக்கு மேல மிக்ஸியில ஷாஃப்ட தாங்கற புஷ், பெல்ட் பக்கவாட்டுல இழுக்கறத தாங்காது, சாய்ஞ்சு தேயும். இவ்வளவு வேலை செய்யறதுக்கு, பழைய கடைல அதே ஷாஃப்ட் சைஸ்ல ரெண்டு போல் 2800 சுத்து மோட்டார் தேடுங்க, இல்லேன்னா எரிஞ்சத ரீவைண்ட் பண்ணுங்க.

கே: மிக்ஸி மோட்டார் ரெண்டு போட்டா...

ப: மேல படிங்க.

கே: ஃபேன் பேரிங் இதுக்கு சேருமா?

ப: நம்பர் ஒன்னா இருந்தா சேரும். 6202ன்னா உள் வட்டம் 15, வெளி வட்டம் 35, அகலம் 11 மில்லி. ஆனா ஃபேன்ல இருக்கறது தகர மூடி, புல்லுத் தூசி உள்ள போயிரும். ரப்பர் சீல் உள்ளதா புதுசே வாங்குங்க, பெரிய விலை இல்ல.

கே: உம்முனு சத்தம் வருது, ஓடல, என்ன பண்ண?

ப: மொத பதில்.

கே: தங்கச்சி அமெரிக்கால இருந்து அனுப்பின மெஷின் அண்ணா, 120 வோல்ட், 12 ஆம்ப். டிரான்ஸ்ஃபார்மர் போட்டும் அசைவே இல்ல.

ப: அக்கா, ப்ளக்க பிடுங்கிட்டு மேல் மூடிய கழட்டுங்க. மோட்டார் தலையில நாலு கால் வெச்ச சதுரமா ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (ஏசிய டிசியா மாத்தறது) இருந்தா அது காந்தம் வெச்ச டிசி மோட்டார், அங்க நிறைய ப்ளக் மாட்டற மெஷின்ல இது தான். அங்க 60 ஹெர்ட்ஸ், இங்க 50ங்கற கவலையே வேணாம். மீட்டர டயோடுல வெச்சு அந்த ரெக்டிஃபையர பாருங்க, ரெண்டு பக்கமும் பீப் அடிச்சா ஷார்ட், ரெண்டு பக்கமும் ஒன்னுமே காட்டலன்னா ஓப்பன். பழைய யூபிஎஸ்ல கேபிபிசி 3510ங்கற ரெக்டிஃபையர் கிடைக்கும், 35 ஆம்ப் 1000 வோல்ட், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல புதுசும் இருக்கு. ஹீட் சிங்க் பேஸ்ட் தடவி இரும்போட ஒட்டி முறுக்குங்க. அது நல்லா இருந்தா கார்பன் பிரஷ் பாருங்க, அர சென்டிமீட்டருக்கு கீழ தேஞ்சிருந்தா மாத்தணும். கொஞ்சம் பெரிய பிரஷ் கிடைச்சா உப்புத்தாள்ல தேச்சு உள்ள லேசா நழுவற அளவுக்கு கொண்டாந்துக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் 2 கேவிஏவுக்கு கம்மியா இருக்கக் கூடாது.

கே: பெட்ரோல் மெஷின்ல கார்புரேட்டர்...

ப: எனக்கு தெரியாது, டூவீலர் மெக்கானிக் கிட்ட கேளுங்க.

கே: கைப்பிடி சுவிட்ச் போயிருச்சு, நேரா ஒயர முறுக்கி விட்டுட்டேன், நல்லா ஓடுது. பழைய மெஷின்ல இருந்து பிளேடும் கழட்டி வெச்சிருக்கேன்.

ப: ரெண்டும் வேணாம் தம்பி, இன்னைக்கே பிரிங்க. மோட்டார், கண்டன்சர், சக்கரம், கூடு எல்லாம் பழசு போடலாம். கைய எடுத்தா நிக்கற சுவிட்சும் பிளேடும் மட்டும் புதுசு. பழைய பிளேடுல போல்ட் ஓட்டைய சுத்தி மண்ணெண்ணெய் போட்டு தொடச்சு வெயில்ல புடிச்சு பாருங்க, முடி மாதிரி கோடு தெரிஞ்சா அது விரிசல், ஆனா கண்ணுக்கு தெரியாத விரிசலும் இருக்கும். சுவிட்ச் வாங்கற வரைக்கும் அந்த மெஷின ப்ளக்ல மாட்டாதீங்க.