வீட்டுச் சுண்டெலியிடம் இருப்பது ஆய்வக எலியிடம் இல்லை

போன ஞாயிறு பெங்களூர் அல்சூரில் கூடியபோது, மூளைக்காய்ச்சல் வைரஸ் சில எலிகளைத் தொடாது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். மறுநாளே வாட்ஸ்அப்பில் கேள்விகள் குவிந்துவிட்டன. ஆய்வக எலிகளோடு பல வருஷம் பழகியவன் என்ற உரிமையில், கேட்டவரின் பகுதிப் பெயரை முன்னால் போட்டுப் பதில் எழுதுகிறேன்.

இந்திராநகர்: வைரஸ் அந்த எலிக்குள் போகவே போகாதா சார்?

போகும். ‘தொடாது’ என்றது என் தப்பு. உள்ளே போய்ப் பெருகவும் செய்யும். ஆனால் மற்ற எலியின் மூளையில் பெருகுவதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. எலி பிழைத்துக்கொள்ளும்.

ஜெயநகர்: இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

போலியோ சொட்டு மருந்து தந்த ஆல்பர்ட் சேபின்தான் 1952இல் இதைத் தெளிவாக்கினார். மூளைக்காய்ச்சல் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வைரஸை நேரே எலிகளின் மூளையில் செலுத்தினார். ஒரு வம்சம் செத்தது, இன்னொன்று பிழைத்தது. இரண்டையும் கலந்து பிறந்த குட்டிகள் பிழைத்தன. அந்தக் குட்டிகளை மறுபடி செத்த வம்சத்தோடு சேர்த்தால் ஏறக்குறைய பாதிதான் தப்பித்தன. மெண்டலின் பட்டாணிக் கணக்கேதான்: ஒரே மரபணு, ஓங்கு தன்மை (தாய், தந்தையில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும்).

மரபணு கையில் சிக்க இன்னும் 50 வருஷம் ஆனது. 2002இல் அமெரிக்காவில் ஒரு குழுவும் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரு குழுவும் தனித்தனியே ‘ஓஏஎஸ்1பி’ என்ற மரபணுவில் வந்து நின்றன. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பிழைக்கும் எலிக்கு ஏதோ விசேஷ வரம் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். பார்த்தால், நாங்கள் தினமும் கையாண்ட பிளாக் சிக்ஸ், பால்ப்-சி என்ற ஆய்வக வம்ச எலிகளிடம்தான் மரபணு உடைந்து கிடந்தது. காட்டிலிருந்து பிடித்து வளர்த்த பல வம்சங்களில் அது முழுசாக இருந்தது. ஆய்வக வம்சங்கள் பெரும்பாலும், நூறு வருஷத்துக்கு முன் அழகுக்காக வளர்த்த ஒருசில எலிகளின் வாரிசுகள். குறையும் சேர்ந்தே வந்துவிட்டது.

மாரத்தஹள்ளி: உடைந்தது என்றால் எவ்வளவு?

ஒரே எழுத்து. நீங்கள் கோட் எழுதுகிறவர், உங்களுக்குப் புரியும். அந்த எழுத்து மாறியதில் ‘இங்கே நிறுத்து’ என்ற கட்டளை நடுவில் விழுந்து, புரதத்தின் வால் ஏறக்குறைய 30 சதவீதம் போயிற்று. செல்லுக்குள் ஒரு சவ்வில் புரதத்தைப் பிடித்துவைப்பதே அந்த வால். ஃபிளாவி வைரஸ்கள் (மூளைக்காய்ச்சல் வைரஸின் குடும்பம்) நகலெடுத்துக்கொள்வதும் அதே சவ்வில்தான். செக்யூரிட்டி கேட்டில் நிற்காமல் டீக்கடையில் நின்றால் என்ன ஆகும்?

கே.ஆர்.புரம்: வெறிநாய்க்கடிக்கும் இது உதவுமா?

உதவாது. ஃபிளாவி குடும்பம் மட்டும்தான்: ஜப்பானிய மூளைக்காய்ச்சல், வெஸ்ட் நைல், டெங்கு போன்றவை.

தங்கவயல்: நம்ம பக்கத்துக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா அண்ணா?

உண்டு தம்பி. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல், வேலூர் பக்கம். 2013இல் அனுமதி பெற்ற ஜென்வாக் தடுப்பூசிக்கான வைரஸ் உங்கள் கோலாரில் எடுத்தது. அதற்கெல்லாம் முன்பிருந்த பழைய தடுப்பூசிக்கு வைரஸை எலி மூளையில்தான் வளர்த்தார்கள். எலி தாக்குப்பிடித்திருந்தால் அந்த ஊசி வந்திருக்குமா?

ஒயிட்ஃபீல்டு: என் பையனுக்கு இந்த மரபணு டெஸ்ட் எடுக்கலாமா?

வேண்டாம்மா, காசு தண்டம். எலியிடம் ஓஏஎஸ்1 வகையில் எட்டு மரபணு, நமக்கு ஒன்றே ஒன்று. எலியின் 1பி-க்கு நேரானது நம்மிடம் கிடையாது. உங்கள் பகுதி அட்டவணையில் மூளைக்காய்ச்சல் ஊசி இருக்கிறதா என்று குழந்தை டாக்டரிடம் கேளுங்கள்.

அல்சூர்: அப்போ எங்கள் சமையலறைச் சுண்டெலி பலசாலியா?

இந்த ஒரு விஷயத்தில் எங்கள் ஆய்வக எலியைவிடப் பலசாலியாக இருக்கலாம். பொறியை எடுத்துவிடாதீர்கள்.