மலேசிய ரிங்கிட் 2024ல அவ்ளோ விழுந்தும் நம்ம மத்திய வங்கி பேங்க் நெகாரா ஏன் வட்டிய ஏத்தல, 1998 மாதிரி டாலரோட ஒரே ரேட்டுல ஏன் கட்டி வைக்கல?

2024 பிப்ரவரியில டாலருக்கு கிட்டத்தட்ட 4.80 ரிங்கிட், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா மணி சேஞ்சர் போர்டு பாத்தவங்க எல்லாரும் கேட்ட கேள்விதான் இது. அப்ப அமெரிக்காவுல வட்டி 5.25–5.50 சதவீதம், நம்ம ஓபிஆர், அதாவது பேங்க் நெகாரா வைக்கிற அடிப்படை வட்டி, 3.00, அப்புறம் காசு எந்தப் பக்கம் ஓடும்? சரி ஏத்திடலாம்னா, இங்க பெரும்பாலானவங்க வீட்டு லோன் ஓபிஆரோட சேர்ந்து ஏறி இறங்குறது, மாசத் தவணை உடனே கூடும், கடைக்காரன் வியாபாரத்துக்கு எடுத்த கடனும் அப்படியே.

1998 கதை வேற. நாணய மதிப்பு நிலையா இருக்கணும், வட்டி நம்ம கையில இருக்கணும், காசும் தாராளமா வந்து போகணும், இந்த மூணும் ஒண்ணா கிடைக்காது, ஒண்ண விட்டாகணும். அப்ப பிரதமரா இருந்த மகாதீர் மூணாவத விட்டாரு, செப்டம்பர்ல டாலருக்கு 3.80 ரிங்கிட்னு கட்டி, வெளிநாட்டுக்காரன் ஷேர் வித்த காசு ஒரு வருஷம் வெளிய போகக்கூடாதுன்னு கதவ சாத்தினாரு, அதனாலதான் வட்டியக் குறைக்க முடிஞ்சது. 2005 ஜூலைல அந்தக் கட்ட அவுத்தாச்சு. இப்ப பினாங்கு பாயான் லெப்பாஸ் சிப் ஃபேக்டரி பெரும்பாலும் வெளிநாட்டு முதலீடு, அவங்ககிட்ட போயி காச எடுக்காதன்னு சொன்னா அடுத்தவன் வருவானா? என்னக் கேட்டா ஏத்தாம இருந்ததே சரி, 2024 செப்டம்பர்ல அமெரிக்கா வட்டியக் குறைக்கறதுக்குள்ள ரிங்கிட் வட்டி ஏத்தாமலே 4.30 கிட்ட வந்துடுச்சு, ஆனா பருப்பு வெல மட்டும் கூடவே இறங்கல.