திலகவதியார் கூட்டிய வாசல்

வணக்கம்.

எனக்கு 43 வயது. 14 வருடம் பார்த்த வேலையைச் சென்ற ஆண்டு விட்டேன். மாமனார் படுக்கையில் இருக்கிறார், பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. காலையில் அவரைக் குளிப்பாட்டிச் சாய்த்து உட்கார வைப்பதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. அதே வருடம்தான் அம்மா தவறினார். மகனும் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான்.

சின்ன வயதிலிருந்தே பிரதோஷம் தவறாமல் அம்மாவோடு பேரூர் கோயிலுக்குப் போவேன். இப்போதும் போகிறேன். முன்பெல்லாம் பட்டீசுவரரிடம் பேசிக்கொண்டே இருப்பேன். இப்போது சந்நிதியில் நின்றால் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அழுகையும் வருவதில்லை. "கடவுளை நம்பு, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்கிறார்கள். அந்த நம்பிக்கையே என்னை விட்டுப் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. பழைய நான் திரும்பி வருவேனா?

எஸ்., கோவை

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். "நல்லதுக்குத்தான்" என்று நானும் சொல்லப் போவதில்லை. அம்மா போனது எந்த நல்லதுக்கு? துக்கத்தில் இருப்பவரிடம் அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது.

பழைய நீங்கள் திரும்பி வருவீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வரமாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அதற்காகப் பயப்பட வேண்டாம் என்றும் நினைக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு அப்பரை விட்டால் வேறு ஆள் தெரியவில்லை. அப்பருக்கும் முன்னால் அவருடைய அக்காவை.

திருவாமூரில் பிறந்த திலகவதியாருக்கு 12 வயதில் கலிப்பகையாரைப் பேசி முடித்தார்கள். அவர் போருக்குப் போனார். அந்த இடைவெளியில் அப்பா போனார், பின்னாலேயே அம்மாவும். பிறகு போர்க்களத்திலிருந்து கலிப்பகையார் இறந்த செய்தி வந்தது. உயிரை விட்டுவிடுவது என்று திலகவதியார் முடிவு செய்துவிட்டார். தம்பி மருள்நீக்கியார், பின்னாளில் அப்பர் ஆனவர், காலில் விழுந்து அழுததால், அவனுக்காக இருந்தார். அந்தத் தம்பியும் வளர்ந்து சமணம் தழுவி, தருமசேனர் என்ற பெயரோடு கடலூர்ப் பக்கத்துப் பாடலிபுரத்துக்குப் போய்விட்டார். (சமணத்தைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. தமிழுக்குச் சமணர் செய்தது கொஞ்சமல்ல. அக்காவின் பக்கத்திலிருந்து பார்த்தால் மிச்சமிருந்த ஒரே உறவும் போயிற்று, அவ்வளவுதான்.)

இப்போது திலகவதியாருக்கு என்ன மிச்சம்? கெடில நதிக்கரையில் திருவதிகைக்குப் போய் ஒரு மடம் அமைத்துக்கொண்டு தங்கினார். பெரியபுராணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்த வருடங்களில் அவர் மனத்துக்குள் என்னென்ன ஓடியது என்று சேக்கிழார் பெரிதாக விரிப்பதில்லை. அவர் செய்த வேலையைச் சொல்கிறார். விடிவதற்கு முன் வாசல் கூட்டினார், சாணம் கொண்டு மெழுகினார், பூப்பறித்து மாலை தொடுத்தார். தம்பியைக் காப்பாற்று என்று பலமுறை வேண்டினார். எத்தனை வருடம் என்று கணக்கில்லை. உணர்ச்சி பொங்கிய நாளும் வறண்டு கிடந்த நாளும் அதில் இருந்திருக்கத்தான் வேண்டும். துடைப்பம் எல்லா நாளும் கையில் இருந்தது.

தம்பிக்குச் சூலை நோய் வந்தது. வயிற்று வலி தாங்காமல் அக்காவுக்கு ஆள் அனுப்பினார். "அங்கே நான் வரமாட்டேன்" என்று திலகவதியார் சொல்லியனுப்பிவிட்டார். பாசமுள்ள ஒருத்தி அப்படிச் சொல்ல எவ்வளவு திடம் வேண்டும்! கடைசியில் தம்பியே இரவோடு இரவாக வந்து காலில் விழுந்தார். அக்கா திருநீறு கொடுத்தார். விடியும் முன், வழக்கம்போல அலகும் (துடைப்பம்தான்) மெழுகுவதற்கான தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார், தம்பியையும் கூட்டிக்கொண்டு. அவன் வந்த நாளிலும் வேலை வேலைதான்.

அங்கே பிறந்த முதல் பதிகம் முழுக்க வலிதான். குடலை முறுக்குகிறது, என்னால் முடியவில்லை என்கிற பாட்டு. அதற்குப் பிறகு அவர் பழைய மருள்நீக்கியாராகத் திரும்பவில்லை என்பதைக் கவனியுங்கள். தருமசேனராகவும் இல்லை. நாவுக்கரசர் என்று புதுப்பெயர். கையில் உழவாரம், கோயிலில் புல் செதுக்கும் கருவி. அக்காவின் துடைப்பம்தான் தம்பி கையில் உழவாரம் ஆயிற்று என்று எனக்குத் தோன்றும்.

அதன் பிறகாவது எல்லாம் தெளிந்துவிட்டதா என்றால் இல்லை. சுண்ணாம்புக் காளவாயில் 7 நாள், நஞ்சு கலந்த சோறு, கல்லைக் கட்டிக் கடலில் தள்ளியது எல்லாம் வந்தன. அவை உங்களுக்கே தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது திருக்கொண்டீச்சுரத்துப் பாட்டு. பாலனாய்ப் போன நாள், இளமையில் போன நாள், மூப்பில் கோலூன்றிப் போன நாள் என்று தன் பருவங்களை ஒவ்வொன்றாக எண்ணி, குறிக்கோள் இல்லாமல் கெட்டேனே என்கிறார். அப்பரே இப்படிச் சொன்னார் என்றால், உங்கள் பயத்தைக் குற்றம் என்று யார் சொல்வது?

அப்புறம் கயிலாயம். வயதான காலத்தில் அதைப் பார்த்தே தீருவது என்று வடக்கே நடந்தார். கால் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார், மார்பால் நகர்ந்தார், புரண்டார். ஒரு முனிவர் எதிரில் வந்து, "மனிதரால் ஆகாது, திரும்பிப் போங்கள்" என்றார். அப்பர் மறுத்தார். அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொன்னது இறைவன் குரல். மூழ்கி எழுந்தால் திருவையாற்றுக் குளம்! தஞ்சாவூர்ப் பக்கம், தனக்கு நன்றாகத் தெரிந்த ஊர். வழியில் கண்ணில் பட்டது எல்லாம் ஜோடி ஜோடியாக விலங்குகளும் பறவைகளும், ஆண் யானையும் பெண் யானையும், சேவலும் பேடையும். அவற்றில் சிவனையும் சக்தியையும் பார்த்தார். இன்றும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் அந்தக் காட்சியைக் கொண்டாடுகிறார்கள்.

அவர் கேட்ட கயிலாயம் கிடைத்ததா இல்லையா? கிடைத்தது. ஆனால் அவர் தேடிப்போன திசையில் இல்லை. தேடி நடந்து தேய்ந்த உடம்பு இல்லாமல் அந்தக் கோழி ஜோடி அவருக்குக் கயிலாயமாகத் தெரிந்திருக்குமா என்று அடிக்கடி யோசிப்பேன்.

அப்பா இறந்த பிறகு எனக்கும் இரண்டு வருடம் உங்களைப் போலத்தான் போனது. கோயிலுக்குள் நின்றால் கல்லில் நிற்கிற மாதிரி இருக்கும். ஒருநாள் பண்ருட்டியில் இறங்கித் திருவதிகைக்குப் போனேன். திலகவதியாருக்கும் அங்கே சந்நிதி உண்டு. அன்றும் எதுவும் கேட்கவில்லை. ஒரு பாட்டி பிராகாரத்தில் உதிர்ந்த பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் கூடக் குனிந்து பொறுக்கினேன். அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்கு வந்து அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

கேட்கத் தோன்றவில்லை என்றால் கேட்காதீர்கள், எஸ். காலையில் மாமனாரைக் குளிப்பாட்டுகிறீர்களே, அந்தத் தண்ணீரும் துணியும் திலகவதியாரின் தோண்டிக்கு எந்த விதத்தில் குறைந்தவை? அழுகை வராத சந்நிதிக்கும் நீங்கள் பிரதோஷம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறீர்கள். நம்பிக்கை போய்விட்டவர் ஏன் போக வேண்டும்?

அடுத்த பிரதோஷத்துக்குப் போய் வந்து எழுதுங்கள். அம்மா பேரூரில் வழக்கமாக எந்த இடத்தில் உட்காருவார் என்பதையும் எழுதுங்கள்.