மகனுக்கு பெர்பெரா துறைமுகத்தில் வேலை: அனுப்பலாமா?

களக்காட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"என் மகன் தூத்துக்குடி துறைமுகத்தில் ஆறு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறான். இப்போது துபாய் கம்பெனி ஒன்றின் மூலம் பெர்பெரா என்ற ஊரில் வேலை வந்திருக்கிறது. இங்கே வாங்குவதைப் போல மூன்று மடங்கு சம்பளம். 'அது சோமாலியா கணக்கில் வராது, துபாய்க்காரர்கள் இடம் மாதிரிதான்' என்கிறார் ஏஜென்ட். ஆனால் சோமாலியா அரசுக்கும் அமீரகத்துக்கும் ஆகாது என்று பேப்பரில் படித்தேன். கத்தார், துருக்கி, சவுதி என்று எல்லாரும் அங்கே இருக்கிறார்களாம். பணக்கார நாடுகள் இப்படி மல்லுக்கட்டும்போது அந்த ஏழை நாடு என்ன செய்யும்? நாளைக்கு ஒருவரை ஒருவர் வெளியேற்றினால் என் பையன் கதி என்ன? அனுப்பலாமா, வேண்டாமா?"

அண்ணாச்சி, ஏஜென்ட் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பினால் பிள்ளை மாட்டிக்கொள்வான். இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டு, தம்பி கையெழுத்துப் போடுமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதற்கு வருகிறேன்.

முதலில் இடம். பெர்பெரா ஏடன் வளைகுடாவின் தென்கரையில் இருக்கிறது, எதிர்க்கரையில் ஏமன். வரைபடத்தில் அது சோமாலியா. 1991-ல் சோமாலிய அரசு நொறுங்கியபோது இந்த வடக்குப் பகுதி சோமாலிலாந்து என்று தனியாகப் பிரிந்ததாக அறிவித்துக்கொண்டது. தலைநகர் ஹர்கேசா. சொந்த நாணயம், சொந்தப் போலீஸ், சொந்தத் தேர்தல் எல்லாம் உண்டு. ஐ.நா.வில் இடம் கிடையாது. இந்தியாவும் அதைத் தனி நாடாக ஏற்கவில்லை. ஆக, தம்பி போகப்போகும் ஊருக்குக் காகிதத்தில் ஓர் அரசு சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் இருக்கிறது, தெருவில் ஓர் அரசு ஹர்கேசாவில் இருக்கிறது.

"அந்த ஏழை நாடு என்ன செய்யும்?" என்று கேட்டிருந்தீர்கள். நம் ஊரில் வெளியுறவு டெல்லியில் முடிவாகும். திருநெல்வேலி கலெக்டர் தனியாகத் துருக்கியோடு ஒப்பந்தம் போட முடியாது. அரசு பலவீனமாக இருக்கும் நாட்டில் அப்படிப் போட முடியும், போடவும் செய்கிறார்கள். தலைநகரில் கதவடைத்தால் பணக்கார நாடு மாநிலத்தின் கதவைத் தட்டும். அங்கேயும் திறக்காவிட்டால் ஒரு தளபதியின் வீட்டுக் கதவைத் தட்டும். அதனால் 'அந்த நாடு யார் பக்கம்' என்று பேப்பரில் தேடுவதில் அதிகப் பயன் இல்லை. துறைமுக வாசலில் நிற்கும் போலீஸ்காரருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்று பாருங்கள். என் அனுபவத்தில் அதுதான் நம்பகமான அளவுகோல்.

2017-ல் இது அப்பட்டமாகத் தெரிந்தது. ஜூன் 5-ம் தேதி சவுதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரோடு உறவை முறித்தன. அன்று மேலப்பாளையம், ஏர்வாடி, கடையநல்லூர் வீடுகளிலிருந்து தோஹாவுக்கு எத்தனை போன் போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மொகதிஷுவில் ஃபர்மாஜோ என்று அழைக்கப்படும் முகமது அப்துல்லாஹி முகமது அதிபராகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு பக்கமும் பணம் தருகிறவர்கள், யாரைப் பகைப்பது? யார் பக்கமும் இல்லை என்று அறிவித்தார். முடிவு நியாயமானதுதான். ஆனால் அடுத்த சில மாதங்களில் சோமாலியாவுக்குள்ளேயே இருக்கும் மாநிலங்களான புண்ட்லாண்ட், கல்முதுக், தென்மேற்கு மாநிலம் ஆகியவை நாங்கள் சவுதி, அமீரகத்தின் பக்கம் என்று தனித்தனியே சொல்லிவிட்டன. வெளியுறவு உங்கள் வேலை இல்லை என்று மொகதிஷு சொல்லிப் பார்த்தது. யார் கேட்டார்கள்? புண்ட்லாண்டின் பொசாசோ துறைமுகத்தை நடத்த ஒப்பந்தம் போட்டது துபாய்க் கம்பெனி. அந்த மாநிலத்தின் கடல்சார் போலீஸ் படைக்குச் செலவு செய்ததும் அமீரகம். நடுநிலை வகிக்க வேண்டுமானால் வீட்டில் எல்லாரையும் ஒரே சொல்லில் நிறுத்தும் பலம் தலைநகருக்கு வேண்டும். மொகதிஷுவுக்கு அது இல்லை.

அடுத்த வருஷம் கதை இன்னும் மோசமானது. 2018 ஏப்ரலில் மொகதிஷு விமான நிலையத்தில் அமீரக விமானத்திலிருந்து 96 லட்சம் டாலர் ரொக்கத்தை அரசு பறிமுதல் செய்தது. சிப்பாய்களின் சம்பளப் பணம் என்றது அமீரகம். சில நாளிலேயே, 2014 முதல் நடத்திவந்த ராணுவப் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கிளம்பியது. 2,400-க்கும் மேற்பட்ட சோமாலியச் சிப்பாய்களுக்குத் தான் சம்பளம் கொடுத்துவந்ததாக அதுவே சொன்னது. பயிற்சி முகாமில் துப்பாக்கிச்சூடு நடந்தது, ஆயுதங்கள் கொள்ளை போயின. இலவசமாக வைத்தியம் பார்த்துவந்த ஷேக் சையத் ஆஸ்பத்திரியையும் மூடிவிட்டார்கள். இரண்டு அரசுகளின் கோபத்துக்கு விலை கொடுத்தவர்கள் சம்பளமில்லாத சிப்பாயும், டோக்கனோடு வரிசையில் நின்ற நோயாளியும். எனக்கு இன்றும் மனம் ஆறாத விஷயம் இது.

இப்போது பெர்பெராவுக்கு வாருங்கள். அதே 2018 மார்ச்சில், பெர்பெராவை நடத்தும் துபாயின் டிபி வேர்ல்ட் கம்பெனி நாட்டில் எங்குமே இயங்கக் கூடாது என்று சோமாலிய நாடாளுமன்றம் தடை போட்டது. பெர்பெராவில் வேலை நிற்கவில்லை. வாசலில் நின்றது ஹர்கேசாவின் போலீஸ். அவர்களுக்கு மொகதிஷுவின் சட்டம் செல்லாது. 2016-ல் போட்ட 30 வருஷ ஒப்பந்தம், 44.2 கோடி டாலர் முதலீட்டுத் திட்டம், அப்படியே தொடர்ந்தது. 2021 ஜூனில் புதிய கன்டெய்னர் முனையம் திறந்தார்கள். தம்பி ஏறப்போகும் கிரேன் அநேகமாக அங்கேதான் இருக்கும். ஏஜென்ட் சொன்னதில் சரியான பாதி இது.

'துபாய்க்காரர்கள் இடம் மாதிரிதான்' என்ற மற்ற பாதி ஏன் தவறு என்று விளக்க உங்கள் களக்காடே போதும். 1750-களில் திருநெல்வேலிச் சீமை தன்னுடையது என்றார் ஆற்காட்டு நவாப். அவருக்குப் படை கொடுத்து நின்றது கிழக்கிந்தியக் கம்பெனி. களக்காடு தன்னுடையது என்றது திருவிதாங்கூர். இடையில் பாளையக்காரர்கள். 1755-ல் கர்னல் ஹெரானும் நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் வரி வசூலிக்கப் படையோடு வந்தார்கள். படை நின்ற இடத்தில் பணம் வந்தது, படை நகர்ந்ததும் நின்றுபோனது. நெற்கட்டான்செவல் பூலித்தேவர் கொடுக்கவே மறுத்தார். திருவிதாங்கூரைச் சேர்த்துக்கொண்டார், பிறகு மாபூஸ்கானையே தன் பக்கம் இழுத்தார். பெரியவர்களின் பிளவில் தனக்கு இடம் பிடிப்பதில் அவ்வளவு சாமர்த்தியம். ஆனால் 1759 வாக்கில் கம்பெனியின் தளபதி யூசுப்கான் (மருதநாயகம்), களக்காட்டை விட்டுத்தருகிறேன் என்று திருவிதாங்கூரோடு பேசி முடித்தார். திருவிதாங்கூர் அந்தப் பக்கம் போய்விட்டது. பூலித்தேவரிடமும் கேட்கவில்லை, களக்காட்டுச் சனங்களிடமும் கேட்கவில்லை.

சின்ன அரசுகள் பிழைப்பது இந்தப் பிளவில்தான். பெரியவர்கள் முறைத்துக்கொண்டிருக்கும்வரை அவர்களுக்கு விலை உண்டு. சமாதானமானால் விலை இறங்கும், வேறு ஒருவரோடு கைமாற்றினால் கையில் இருப்பதே போகும். கத்தார் சண்டையே 2021 ஜனவரியில் அல் உலா மாநாட்டில் முடிந்துவிட்டது. அதனால் நீங்கள் சண்டைச் செய்தியைப் பார்த்து மட்டும் பயப்படாதீர்கள், சமாதானச் செய்தியையும் கவனியுங்கள்.

சூடானின் ஒமர் அல் பஷீர் இந்த ஏலத்தில் கைதேர்ந்தவர். நெடுநாள் ஈரானோடு நெருக்கம். 2015-ல் சவுதிக்காக ஏமனுக்குப் படை அனுப்பினார். 2016 ஜனவரியில் ஈரானோடு உறவை முறித்தார். 2017 டிசம்பரில் துருக்கி அதிபர் எர்டோகனை வரவழைத்து செங்கடலின் சுவாகின் தீவைப் புதுப்பிக்கக் கொடுத்தார். எல்லாரிடமும் வாங்கியவரை, 2019 ஏப்ரலில் அவர் பதவி ஆட்டம் கண்டபோது காப்பாற்ற ஒருவரும் வரவில்லை. அவர் போன சில நாளில் சவுதியும் அமீரகமும் அடுத்த ராணுவக் குழுவுக்கு 300 கோடி டாலர் அறிவித்தன. 2023 ஏப்ரல் 15 அன்று அந்த ராணுவ ஆட்சியின் இரண்டு தளபதிகளே மோதிக்கொண்டார்கள். 'ஆபரேஷன் காவேரி'யில் 3,800-க்கும் மேற்பட்ட இந்தியர்களை பெரும்பாலும் போர்ட் சூடான், ஜித்தா வழியாக மீட்க வேண்டியிருந்தது.

பக்கத்து ஜிபூத்தியின் வழி வேறு. அது எல்லாருக்கும் வாடகைக்கு விடுகிறது. அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான், இத்தாலி, 2017 முதல் சீனா என்று எல்லாருடைய படைத்தளமும் அந்தச் சின்ன நாட்டில் இருக்கிறது. இத்தனை பேர் குடியிருக்கும் வீட்டை யாரும் இடிக்கமாட்டார்கள் என்ற கணக்கு. புத்திசாலித்தனமான கணக்குதான். ஆனால் அங்கே நடந்த ஒன்று தம்பி தெரிந்துகொள்ள வேண்டியது. 2018 பிப்ரவரி 22, ஒரு வியாழக்கிழமை, டொராலே கன்டெய்னர் முனையத்தை நடத்திவந்த இதே டிபி வேர்ல்டின் ஒப்பந்தத்தை ஜிபூத்தி அரசு ரத்து செய்து, முனையத்தைத் தானே எடுத்துக்கொண்டது. லண்டன் நடுவர் மன்றம் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புகள் சொன்னது. முனையம் திரும்பிவரவில்லை. கிரேன்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, முதலாளி மாறிவிட்டார். தம்பி விஷயத்தில் நான் குண்டு, துப்பாக்கியை விட அதிகம் பயப்படுவது இப்படி ஒரு வியாழக்கிழமைக்குத்தான்.

பெர்பெராவில் அது நடக்குமா? ஹர்கேசாவுக்கு அமீரகத்தின் துறைமுகப் பணம் பெரிய ஆதாரம்; ஆடு, செம்மறி ஏற்றுமதிக்கு சவுதிச் சந்தை உயிர்நாடி. இரண்டையும் கெடுத்துக்கொள்ள எந்த ஆட்சியும் எளிதில் துணியாது. சிக்கல் வெளியிலிருந்து வரலாம். 12 கோடிக்கு மேல் மக்கள் இருந்தும் கடல் இல்லாத எத்தியோப்பியா, 2024 ஜனவரி 1 அன்று சோமாலிலாந்தோடு கடற்கரைக் குத்தகைக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. மொகதிஷு கொதித்தது. பிப்ரவரியில் துருக்கியோடும் ஆகஸ்டில் எகிப்தோடும் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. டிசம்பரில் துருக்கி அங்காராவில் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசியது. பேச்சு நடந்தது மொகதிஷுவுக்கும் எத்தியோப்பியாவுக்கும். யாருடைய கரையைப் பற்றிய பேச்சோ அந்த ஹர்கேசாவுக்கு மேசையில் நாற்காலி இல்லை. களக்காட்டுக் கதைதான். சோமாலிலாந்தின் கிழக்கே லாஸ் அனோத்தில் 2023-ல் சண்டை மூண்டது. அது பெர்பெராவிலிருந்து வெகுதூரம்.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால், என் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அனுப்புவேன். ஆனால் காகிதம் சரியாக இருந்தால் மட்டும்.

முதலில் ஏஜென்ட். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். குடியேற்ற அனுமதி கட்டாயமான 18 நாடுகளின் பட்டியலில் அமீரகம் உண்டு, சோமாலியா இல்லை. அதாவது, துபாய் என்று காட்டிக் கிளம்பினால் பெர்பெராவில் தம்பியின் நிலைமை என்ன என்பதை நம் அரசில் யாரும் சரிபார்த்திருக்கமாட்டார்கள். அந்த அனுமதியோடு வரும் 10 லட்ச ரூபாய் காப்பீட்டையும் இங்கே நம்பியிருக்க முடியாது. கம்பெனியே தனிக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும். பாலிசியில் 'போர், கலவரம் நீங்கலாக' என்று இருக்கிறதா என்று படிக்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் அந்த ஊருக்கு அது பிரயோஜனமில்லை.

அப்புறம் விசா. ஹர்கேசா தனியாக விசா கேட்கும். மொகதிஷு தரும் இணைய விசாவை அது ஏற்பதில்லை. அமீரக ரெசிடென்ஸ் விசா வைத்திருப்பவர் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாக அது காலாவதியாகும். ஆறு மாதத்துக்குள் ஒருமுறை துபாய் வந்துபோக கம்பெனி டிக்கெட் தருமா என்று எழுத்தில் கேளுங்கள். துபாய் விசா உயிரோடு இருந்தால், நெருக்கடியில் போக ஓர் இடம் இருக்கும். சம்பளமும் துபாய் அல்லது இந்தியக் கணக்குக்கே வரட்டும்.

ஹர்கேசாவில் இந்தியத் தூதரகம் இல்லை. சோமாலியாவை கவனிப்பது நைரோபியிலுள்ள நம் ஹை கமிஷன். போய் இறங்கிய வாரமே மின்னஞ்சலில் பெயரைப் பதிந்துகொள்ளட்டும். 2015-ல் ஏமனில் போர் மூண்டபோது நம் கப்பல்கள் ஏடனிலிருந்து ஆட்களை ஏற்றி ஜிபூத்தியில் இறக்கின. என்னிடம் படித்த பையன் ஒருவனும் அப்படித்தான் வந்தான். யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல்தான் அங்கே முதலில் வேலை செய்தது என்று சொன்னான்.

கடைசியாக ஒப்பந்தம். துறைமுகத்தை நடத்தும் கம்பெனி மாறினாலோ, அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தாலோ, சம்பளப் பாக்கியும் திரும்பும் டிக்கெட்டும் யார் பொறுப்பு என்று ஒரு வரி வேண்டும். வேலை செய்யும் இடம் என்ற பகுதியில் 'பெர்பெரா' என்று தெளிவாக இருக்க வேண்டும். 'கம்பெனி சொல்லும் எந்த இடத்திலும்' என்று இருந்தால் தம்பி கையெழுத்துப் போடக் கூடாது. பொசாசோவும் அதில் அடங்கும். 2019 பிப்ரவரியில் அந்தத் துறைமுகத்தின் மேலாளரை அங்கேயே சுட்டுக் கொன்றார்கள். அல் ஷபாப் என்ற சோமாலியத் தீவிரவாத அமைப்பு பொறுப்பேற்றது.